நான் கேட்டால் சொல்லும் விலாசம்

வெளிமாநிலத்தில், விமான நிலையத்தை ஒட்டிய விமான் நகரில் விமான டிக்கெட் போடும் ஒரு சின்ன அலுவலகம். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று காலை லினக்ஸ் இயங்குதளத்தின் புதிய பதிப்பை ஏற்றியதும், டிக்கெட் போடும் புரோகிராம் விமான நிறுவன சர்வரின் விலாச எண் தெரியவில்லை என்று நின்றுவிட்டது. நான் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிக் கேட்டால் மட்டும் சரியான எண் வந்தது. களைப்பில் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எதிரே, லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்பிலிருந்து வந்த பெண். கோவையில் அவள் அம்மா ஐசியூவில்.

"நம்ம பக்கம் தப்பில்லைம்மா. பாருங்க, கேட்டா சொல்லுது."

"நீங்க கேட்டா சொல்லுதுங்ணா. அந்த புரோகிராம் கேட்டா சொல்லுதுங்களா?"

கை நின்றது. என் கட்டளை, பெயரைச் சொன்னால் விலாச எண்ணைத் தரும் டிஎன்எஸ்ஸிடம் நேராகப் போய்க் கேட்கும். புரோகிராமோ, எங்கே கேட்பது என்று ஓர் அமைப்புக் கோப்பைப் பார்த்துத்தான் போகும். திறந்தேன். புதிய பதிப்பு அதில் டிஎன்எஸ் என்ற சொல்லையே விழுங்கியிருந்தது. சேர்த்தேன். மாலை விமானத்தில் இடம் கிடைத்தது.

"வர்றனுங்ணா" என்று ஓடினாள்.

வீட்டில் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தினமும் "ஒண்ணுமில்லையே?" என்பேன். "ஒண்ணுமில்ல" என்பாள். எனக்கு நிம்மதியாக இருக்கும். அன்று, நான் கேட்டால் அதே பதில் வரும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே பேச ஆரம்பித்தாள்.