தும்பிக்கை இல்லாத யானை

வீட்டிலிருந்து ரயில்வே ஜங்ஷன் வரை எங்கும் நிற்காமல் நடப்பதுதான் இந்த மாத இலக்கு. சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றே, என் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் போட்டோவைத் தேர்ந்தெடுத்துவிட்டவன் நான். இன்றும் பாதி வழியில், இதயத் துடிப்பு எகிறிவிட்டது என்று கைக்கடிகாரம் அலறியது. அதைவிட நான் அலறினேன். பக்கத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

"ஏறுங்கண்ணே, வூட்ல வுட்டுடறேன்."

ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். அப்போது எதிரே இருந்த பொம்மைப் பட்டறையிலிருந்து ஈரக் களிமண் வாசனை வந்தது.

பத்து வயதில் நான் நல்ல குண்டு. அத்தை இப்படியொரு பட்டறையில் வேலை செய்தாள். காயாத களிமண் யானைகளைப் பலகையில் அடுக்கி, தோளில் ஏற்றி, வெற்றிலையை மென்றபடி வெயிலுக்குக் கொண்டுபோவாள். நானும் தூக்குகிறேன் என்றேன்.

"நீ தூக்கினா யானையெல்லாம் பன்னியாயிடும்டா!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் வெறும் பலகையோடு நடந்தேன். அடுத்த வாரம் இரண்டு யானை, பிறகு ஐந்து. பொங்கல் லீவில் பன்னிரண்டு யானைகளோடு, கால் வெடவெடக்க, முற்றத்தைக் கடந்தேன். இறக்கி வைத்தபோது ஒன்றுக்குத் தும்பிக்கை இல்லை.

"பாத்தியா, பன்னி!"

"மிச்சம் பதினொண்ணும் யானைதான் அத்தே, நல்லா பாரு!"

ஆட்டோவிலிருந்து காலை எடுத்தேன்.

"வேணாம் தம்பி. நீ பின்னாடியே வா. வுழுந்தா ஏத்திக்க."

"வுழலன்னா?"

"ஜங்ஷன்ல நீதான் எனக்கு டீ வாங்கித் தரணும். சக்கரை இல்லாம."