மாமனாருக்கு ஒரு டச்சப்

ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஊர்ப்பட்ட முகங்களின் பருவையும் தழும்பையும் அழிப்பதுதான் அவள் பிழைப்பு. அதனாலேயே படத்தில் அழகாகத் தெரியும் எந்த முகத்தின் மேலும் அவளுக்கு மரியாதை கிடையாது. கணவன் டுடோரியலில் ஆங்கில வாத்தியார். செத்துப்போன அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டுமென்று அன்றைக்கு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

"அந்தப் புருவச் சுளிப்ப எடுத்துரு. உதட்டக் கொஞ்சம் சிரிக்க வை. கண்ணுல ஒரு கனிவு வேணும்."

"உங்கப்பா யார கனிவா பாத்தாரு? சோத்துல உப்பு குறைஞ்சா தட்டு பறக்கும்."

"இதுக்குப் பேருதான் ஐடியலைஸ் பண்றது," என்று வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டான். "ஒருத்தர குறையே இல்லாதவரா பாக்கிறது. கிரேக்கத்துல, பாக்கிறதுங்கிற வேர்லேர்ந்து ஐடியா வந்துச்சு. அதுலேர்ந்து ஐடியல். அப்புறம் ஐடியலைஸ்."

பார்ப்பதில் கிளம்பிய வார்த்தை கண்ணை மூடிக்கொள்வதில் வந்து முடிந்திருக்கிறது, இவர் குடும்பத்துக்குப் பொருத்தம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வாத்தியார் கேட்டபடியே மாமனாரின் முகத்திலிருந்து மாமனாரைத் துடைத்தெடுத்தாள்.

சாயங்காலம் படத்தைக் கூடத்தில் மாட்டினார்கள். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"யாரும்மா இவரு?"

"உங்க வீட்டுக்காரர்தான் அத்தை."

மாமியார் மறுபடியும் ஒருமுறை படத்தைப் பார்த்தாள்.

"இவரையே எனக்குக் கட்டி வச்சிருக்கலாமே," என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.