ஜப்பான்காரனின் படக்கதையில் என் தம்பி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவன். பனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்கிற தேயிலைச் செடிகூட ஆள் மாதிரித்தான் தெரியும், அதைப் பார்த்து அலறியவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவன். மாதா கோயிலுக்குக்கூட அம்மாவின் வாய்க்குப் பயந்துதான் போவேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

சண்டையில் ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்தபோது நான் தேயிலை ஃபேக்டரி ஸ்டோரில் சின்னக் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. வெள்ளைக்காரத் துரை ஒரு மணி நேரத்தில் மூட்டை கட்டிக் காரில் ஓடிவிட்டார். அவர் போன அன்றே பங்களாவுக்குள் எல்லோரும் புகுந்தார்கள். கம்பளி, பீங்கான், அரிசி என்று ஆளாளுக்கு அள்ளினார்கள். நான் ஒரு பெட்டி நிறையப் படக்கதைத் தாள்களைத் தூக்கிக்கொண்டு வந்தேன். துரை பிள்ளைகளுக்காக லண்டனிலிருந்து கப்பலில் வந்தவை அவை.

"ஊரே அரிசி மூட்டைய தூக்கிட்டு வருது, நீ பொம்ம புஸ்தகத்த தூக்கிட்டு வாரியேடா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்கு அந்தப் பைத்தியம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். அதனால் கதையைவிடப் படத்தைத்தான் அதிகம் பார்ப்பேன், அதில் எனக்குக் கறாரான அபிப்பிராயங்களும் உண்டு. முகம் யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம், பாதம்தான் கஷ்டம். பாதம் தரையில் பதியாமல் மிதந்தால் அவன் ஓவியனே இல்லை. பேச்சுக் குமிழுக்குள் ஊர்ப்பட்ட எழுத்தை அடைத்திருந்தால் படக்காரனுக்குப் படத்தில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். எழுத்தே இல்லாத கட்டம்தான் நல்ல கட்டம். கதைகளைப் பற்றிக் கேட்காதீர்கள். வில்லன் எப்போதும் கறுப்பாகத் தடித்த உதட்டோடு இருப்பான், வெள்ளைக்காரன் தனியாளாக இருபது பேரை அடிப்பான். எழுதியவன் எங்கள் துரை ஓடிய ஓட்டத்தைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

இதையெல்லாம் கேட்க எனக்கு ஒரே ஒரு ஆள் இருந்தான், என் தம்பி சூசை. அவனுக்குப் படிக்க வராது. சின்ன வயதில் விறகு லோரியிலிருந்து விழுந்ததில் அவனுடைய இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது, நடந்தால் கட்டைவிரல் மற்றக் காலைப் பார்க்கும். சாயங்காலம் நான் தாளை விரித்து வைத்துக் கதை சொல்வேன், அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். நான் சொன்னால் அது நடந்ததுதான் அவனுக்கு.

எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஜப்பான்காரன் பங்களாவில் வந்து உட்கார்ந்தான். நாற்பது வயது, ஒல்லி, அறைவதற்கு யோசிக்கவே மாட்டான். ஒரு நாள் மத்தியானம் ஸ்டோரில் நான் இங்கிலீஷ் தாளை விரித்து வைத்திருக்கும்போது வந்துவிட்டான். வைத்திருந்ததற்கே உதைப்பார்கள் அப்போது. கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவன் தாளைப் பிடுங்கினான், தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்தான், ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான். ஒரு இடத்தில் விரலை வைத்து, "தா பாகுஸ்" என்றான். நன்றாக இல்லையாம். விரல் இருந்தது ஒரு சிப்பாயின் பாதத்தின்மேல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

அதன்பிறகு அரைகுறை மலாயில் இருவரும் படங்களைப் பற்றிப் பேசுவோம். பாகுஸ், தா பாகுஸ், அவ்வளவுதான் பேச்சு. வெளியே போனால் அதே கையால்தான் ஆட்களை அறைவான்.

அந்தச் சமயத்தில்தான் சயாமில் ரயில் பாதை போட வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள், நானும் சூசையும். எனக்கு இருபத்துமூன்று, அவனுக்கு இருபது. யாராக இருந்தாலும் சரி, வெள்ளிக்கிழமை காலை லோரியில் ஒருத்தன் ஏற வேண்டும் என்றார்கள். அம்மா யாருடைய பெயரையும் சொல்லவில்லை. மூத்தவன் நான், நான்தான் போக வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது, அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

புதன்கிழமை ஜப்பான்காரன் தன்னுடைய படக்கதைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். மெல்லிய புத்தகம், அவர்கள் எழுத்து. அட்டையைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தேன். பாதம்தான் முதலில் கண்ணில் பட்டது. இடது பாதம், உள்பக்கமாகத் திரும்பியது. பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். சூசை.

சாயல் என்று சொல்வீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். முதல் பக்கத்தில் அவன் மழையில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கண்மூடிக் கிடந்தான், எலும்பும் தோலுமாக. அடுத்ததில் எழுந்து உட்கார்ந்திருந்தான். அதற்கடுத்ததில் நாலைந்து பேரோடு மரக்கட்டை தூக்கினான். பக்கம் திருப்பத் திருப்ப அவன் உடம்பு தேறிக்கொண்டே வந்தது. கூட்ஸ் வண்டியில் நெருக்கியடித்து நின்றான், லோரியில் மலை ஏறினான். கடைசிப் பக்கத்தில் எங்கள் லயம், எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடு. தகரக் கூரை, எங்கள் கதவுக்கு முன்னால் சாய்ந்து நிற்கிற குழாய், எல்லாம் இருந்தது. படியில் சூசை மூட்டையோடு நிற்கிறான், ஒரு பெண்பிள்ளை சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுகிறாள். கதவோரம் ஒருவன் தலையைக் குனிந்தபடி ஏதோ படித்துக்கொண்டிருக்கிறான்.

புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தேன், அவனேதான். ஆனாலும் பாருங்கள், அந்த நேரத்திலும் மனது குறை சொன்னது. தம்பி பிழைத்து வீட்டுக்கு வந்திருக்கிறான், இவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லையே, வரைந்தவனுக்கு மனிதர்களைத் தெரியவில்லை என்று.

வீட்டுக்குப் போய்ச் சூசையிடம் அந்தக் கதையைச் சொன்னேன். விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் சொன்னேன்.

"படுத்துக் கெடந்தவன் எந்திரிச்சு, நடந்து, வீட்டுக்கு வந்துட்டான். ஒன்ன மாதிரியே இருக்கான்டா" என்றேன்.

அவன் தன் இடது பாதத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு, "அப்ப நான் போறேண்ணே. நீ போனா ஒனக்கு என்னா ஆவும்னு தெரியாதுல்ல?" என்றான்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கை இல்லாதவன் நான், அன்றைக்கு மட்டும் நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா அழுதாள். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. கதவோரம் ஒரு பழைய தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "வாரேண்ணே" என்றான். லோரி மலையடிவாரத் தாப்பா பக்கம் இறங்குகிற சத்தம் அடங்கிய பிறகுதான் நிமிர்ந்தேன்.

ஒரு மாதம் கழித்து அதே புத்தகத்தை ஸ்டோரில் மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் வந்தான். நான் பக்கம் திருப்புவதைப் பார்த்து, அப்படி இல்லை என்று தலையை ஆட்டினான். புத்தகத்தைப் பிடுங்கிக் கவிழ்த்து என் கையில் வைத்து, "சினி, சினி" என்றான். இங்கேயிருந்து. அவர்கள் புத்தகத்துக்கு நம்முடைய கடைசிப் பக்கம்தான் முதல் பக்கமாம். கட்டங்களும் வலது பக்கத்திலிருந்துதான் போகுமாம்.

முதல் பக்கம் எங்கள் லயம். அழுகிற பெண்பிள்ளை. மூட்டையோடு கிளம்புகிறவன். தலை நிமிராதவன்.

மூட்டையோடு கிளம்புகிறவனின் முகத்தைக் காட்டி, இது யார் என்று கேட்டேன். அவன் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். "அடிக்" என்றான். என் தம்பியாம். பிறகு அரைகுறை மலாயில், தன் ஊரில் வாங்கும்போது இந்த முகம் இப்படி இல்லை, இந்த வீடும் இல்லை என்று சொன்னான். எத்தனையோ பேரை அறைந்த மனிதன், அவன் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. புத்தகத்தைத் தேயிலை உலர்த்துகிற அடுப்பில் போட்டுவிட்டுப் போனான். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

சண்டை முடிந்து சயாமிலிருந்து எங்கள் எஸ்டேட்டுக்குத் திரும்பியவன் முனியாண்டி ஒருத்தன்தான். கால் இரண்டும் வீங்கிப்போய் வந்தான். அம்மா இல்லாத நேரம் பார்த்து அவனிடம் கேட்டேன்.

"காய்ச்சல்ல கெடந்தான் கிராணி. கஞ்சிகூட எறங்கல. ஆனா சாவ மாட்டேன்னு சொல்லிக்கிட்டே கெடந்தான். அண்ணன் படத்துல பாத்துட்டாரு, நான் எந்திரிச்சு நடந்து வீட்டுக்குப் போவேன்னு. ஒரு சாயங்காலம் மூச்சு நின்னுபோச்சு. நல்ல மழ. காலைல பொதைக்கலாம்னு ரோதா பக்கத்துல போட்டுட்டு வந்துட்டோம்."

தண்டவாளத்தைத்தான் அவர்கள் ரோதா என்பார்கள். காலையில் போய்ப் பார்த்தீர்களா என்றேன்.

"போனோம். ஆளக் காணோம். புலி இழுத்துட்டுப் போயிருக்கும்னாங்க. நெசமா சொல்றேன் லா, இழுத்த தடமே இல்ல. சேத்துல கால் தடம் இருந்திச்சு. எடது காலு உள்ள திரும்புன தடம். நாங்க ஊருலேருந்து வந்த பக்கமா திரும்பிப் போவுது. ரோதா வளைவு வரைக்கும் பாத்துக்கிட்டே போனேன். அதுக்கு மேல எனக்குத் தைரியம் வரல."

அம்மாவிடம் சூசை காய்ச்சலில் செத்துவிட்டான் என்று மட்டும் சொன்னேன். பூசை வைத்தோம். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. பிள்ளைகள் ஈப்போவுக்கு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டார்கள். இந்த லயத்தை விட்டு நான் போகவில்லை. ஏன் என்று அவர்களுக்குச் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். அவனுக்கு இந்தக் கதவு மட்டும்தான் தெரியும்.

மழை பெய்த மறுநாள் காலையில் எழுந்ததும் வாசல் சேற்றைத்தான் முதலில் பார்க்கிறேன். இதுவரை ஒரு தடமும் இல்லை. இல்லை என்று தெரிந்ததும் எனக்குத் துக்கம்தான் வர வேண்டும், கூடப் பிறந்தவன் அல்லவா? துக்கம் வருவதில்லை. அப்பாடா என்றிருக்கிறது.