நான் கேட்டு வாங்கிய பதில்

ஒரு பெண்ணின் பிழைப்பை நான் கெடுத்தேன். தெரியாமல் அல்ல. அவசரத்தில் அல்ல. யாரும் தூண்டிவிட்டும் அல்ல. யோசித்து, வாசகம் எழுதி, மூன்று முறை அடித்துத் திருத்திக் கெடுத்தேன்.

அவள் செய்த குற்றம் ஒன்றுதான்: நான் கெஞ்சிக் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள்.

பாவம், தனிக்கிழவன் என்று நீங்கள் இரங்கிவிடக் கூடாது. அதனால் விவரங்களை முன்பே சொல்லிவிடுகிறேன். வயது எழுபத்து நான்கு. மனைவி போய் ஆறு ஆண்டுகள். பாளையங்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டு, டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கும் மகனிடம் வந்து நான்கு ஆண்டு ஏழு மாதம். இவை தகவல்கள். சமாதானங்கள் அல்ல.

முப்பத்தேழு ஆண்டுகள் புள்ளியியல் துறையில் இருந்தவன். எண்ணிப் பார்க்காத எதன்மீதும் எனக்கு நம்பிக்கை வராது. மகனின் வாடகை வீட்டில் மாடிப்படி பதினாறு. வாசலிலிருந்து தெருமுனை இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. அதற்கு அப்பால் ஆறு வழிச் சாலை. கார் ஓட்டத் தெரியாதவன் இந்த ஊரில் கால் இல்லாதவன். மகன் சிவாவும் மருமகள் கவிதாவும் வேலைக்குப் போனபின், மாலை வரை நான் பேசும் சொற்களை ஒருநாள் எண்ணினேன். பதினொன்று! அதில் நான்கு, பார்சல் கொண்டுவந்தவனிடம்.

சொந்த வீடு வாங்குவதென்று முடிவானபோதுதான் ஷாஹிதா வந்தாள். வீடு காட்டி, பேசி, வாங்கித் தரும் ஏஜென்ட். மேலப்பாளையத்துப் பெண், எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். கணவனுக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. இரண்டு பிள்ளைகள். அவளாகப் புலம்பவில்லை; நான்தான் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கறந்தேன். பிறர் கஷ்டம் தெரிந்திருப்பது பிற்பாடு உதவும் என்று அனுபவம் எனக்குச் சொல்லியிருந்தது.

முதல் நாள் காரிலேயே கேட்டேன்.

"இந்தத் தெருவுல நம்ம ஆளுங்க எத்தன வீடு இருக்கும்மா?"

"அத நான் சொல்லப்பிடாது அங்கிள். எந்த ஏரியாவுல எந்த ஜனம் இருக்குன்னு ஏஜென்ட் வாயத் திறக்கக் கூடாது. இங்க சட்டமே இருக்கு. லைசன்ஸ் போயிரும்."

"நம்ம ஊர் புரோக்கர் மொதல்ல அதத்தானம்மா சொல்லுவான்."

"நம்ம ஊர்ல எனக்கு வாடகைக்கு வீடே தர மாட்டாங்களே அங்கிள்!" என்று சொல்லிச் சிரித்தாள். கவிதாவும் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. பாளையங்கோட்டையில் என் மாடிப் போர்ஷனுக்கு வந்தவர்களில் இரண்டு குடும்பங்களைப் பெயர் கேட்டதோடு திருப்பி அனுப்பியவன் நான்.

சட்டம் அவள் வாயைத்தான் கட்டியது. என் கண்ணைக் கட்டவில்லை. காட்டிய ஒவ்வொரு தெருவிலும் இறங்கி நடந்தேன். கதவுக்கு வெளியே செருப்புக் குவியல் கிடந்தால் ஒன்று. நிலையில் மாவிலைத் தோரணம், பிளாஸ்டிக்கானாலும், ஒன்று. துளசித் தொட்டி ஒன்று. வெயில் நூறு டிகிரி. அவள் ஏசியைப் போட்டுக் காரில் காத்திருப்பாள். திரும்பியதும் தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள்.

"சென்சஸ் முடிஞ்சுதா அங்கிள்?"

ஒன்பது வயதுப் பேத்தி இனியா பின்சீட்டில் முகத்தை மூடிக்கொள்வாள். "தாத்தா, ஸ்டாப் கவுண்டிங் பீப்பிள்ஸ் ஷூஸ்! இட்ஸ் ஸோ வியர்ட்!"

அப்படித்தான் அந்தத் தெரு கிடைத்தது. நாற்பத்து நான்கு வீடுகள், முப்பத்தொன்றில் அடையாளம். வீடு பழையது, சமையலறை குறுகல். ஆனால் நூற்று எண்பது எட்டில் ஒரு பூங்கா. அங்கே நிழலில் ஆறு கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையை உயர்த்தி, "சாருக்கு எந்த ஊரு?" என்றார். நான்கு ஆண்டுகளாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி... ஊர், தெரு, கதவிலக்கம் வரை சொன்னேன்.

கவிதாவுக்குப் பிடித்தது வேறு வீடு. புதியது. நல்ல பள்ளிக்கூடம். அவள் அலுவலகம் பத்து நிமிடம். அந்தத் தெருவில் முப்பத்தெட்டு வாசல்களையும் பார்த்தேன். ஒரு செருப்பு இல்லை!

"அப்பா, வீக்கெண்ட்ல நான் கூட்டிட்டுப் போறேன்ல," என்றான் சிவா. சென்ற ஆண்டின் ஐம்பத்திரண்டு வாரங்களில் அவன் என்னை வெளியே அழைத்துப் போனது பத்தொன்பது. அதைச் சொன்னேன். "இதையுமா எண்ணுவீங்க?" என்று எழுந்து போய்விட்டான்.

ஞாயிறு மாலை கவிதாவுக்குப் பிடித்த வீட்டுக்கு ஷாஹிதா மூலம் விலை எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை ஷாஹிதாவை அழைத்து, வாஸ்து ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி, அவளோடு தனியாகப் போனேன்.

அந்த வீட்டு வாசலில் காரிலேயே அதே பழைய கேள்வியைக் கேட்டேன். சிரித்து மழுப்பினாள். மறுபடி கேட்டேன். மூன்றாவது முறை கேட்கும்போது அழுதேன். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு நடிப்பு? எல்லாவற்றையும் எண்ணத் தெரிந்த எனக்கு இதை மட்டும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அழாதீங்க அங்கிள்... எங்க வாப்பா அழுத மாதிரி இருக்கு." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இங்க நம்ம ஆளுங்க யாரும் இல்ல. பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடைக்காது. உங்களுக்கு அந்தப் பழைய தெருதான் சரி. நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிராதீங்க, என்ன?"

எனக்குச் சாதகமாகச் சொன்னாள்! கவனியுங்கள். கைக்கு வந்துவிட்ட வியாபாரத்துக்கு எதிராக, ஒரு கிழவனின் கண்ணீருக்காகச் சொன்னாள். அவளுடைய 'நம்ம'வில் நானும் இருந்தேன். நான் கேட்ட 'நம்ம'வில் அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

"இத சிவாகிட்ட சொல்லேன்மா."

"அய்யோ அங்கிள், மாட்டேன். அவங்களுக்குப் பிடிச்ச வீடு அது."

ஞாயிறு காலை, எல்லாரும் கடைக்குப் போயிருந்தபோது, பெயரில்லாத மின்னஞ்சல் முகவரி ஒன்றை உண்டாக்கினேன். அவள் நின்றால் மாலை விலைக் காகிதமும் நிற்கும். அவள் வேலை பார்த்த நிறுவனத்துக்கு ஆறு வரி எழுதினேன். உங்கள் ஏஜென்ட் இன்னார், எந்தத் தெருவில் எந்த இனத்தார் என்று சொல்லி வீடு விற்கிறார். இது சட்டவிரோதம் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்கு... முப்பத்தேழு ஆண்டு அரசாங்க ஆங்கிலம்! ஒரு காற்புள்ளி தவறவில்லை.

ஞாயிறுதான் அவர்களுக்கு வியாபார நாள்; மதியத்துக்குள் அவளை எல்லா வேலையிலிருந்தும் நிறுத்திவைத்தார்கள். ஞாயிறு போக வேண்டிய காகிதம் போகவில்லை. திங்களன்று அந்த வீடு வேறு யாருக்கோ போயிற்று. கவிதா குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குக் கேட்டது. மூன்று வாரம் கழித்து, வேறு ஏஜென்ட் மூலம், முப்பத்தொரு அடையாளங்களின் தெருவில் வீடு வாங்கினோம்.

அவள் பெயர் வேறாக இருந்திருந்தால் எழுதியிருப்பேனா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று சொல்ல ஆசை. இருக்கிறது. ஒரு நாளாவது தயங்கியிருப்பேன்.

இதோடு நின்றிருந்தால் கோழைத்தனம் என்று மட்டும் பெயர் வைத்திருக்கலாம்.

புது வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் ஷாஹிதா வந்தாள். நான் தனியாக இருந்தேன். கையில் ஒரு கறிவேப்பிலைச் செடி. மெலிந்திருந்தாள்.

"யாரோ என்மேல எழுதிப் போட்டுட்டாங்க அங்கிள். நான் வேணாம்னு விட்ட ஒரு ஃபேமிலி இருக்கு, அவங்கதான்னு நெனைக்கேன். என்கூட கார்ல வந்து வீடு பார்த்தவங்க எல்லார்ட்டயும் ஆபீஸ்ல லெட்டர் கேக்காங்க. அப்படி எதுவும் நான் சொல்லலன்னு. இருபத்தாறு பேரு குடுத்துட்டாங்க, சிவா, கவிதா உட்பட. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"நீ சொன்னியேம்மா," என்றேன்.

அவள் செடியைக் கீழே வைத்தாள்.

"ஆமா அங்கிள்... உங்ககிட்ட மட்டும்தான். நீங்க அழுதீங்க."

"அப்ப இல்லன்னு எப்படி எழுத? இத்தன வருஷ சர்வீஸ்ல பொய்க் கையெழுத்து போட்டதில்ல நான்."

"எழுத வேணாம். லெட்டரே குடுக்காம விட்டுருங்க. வயசானவங்க, மறந்துருப்பாங்கன்னு நான் சொல்லிக்கிடுதேன். வேலை போனாக்கூடப் பரவால்ல அங்கிள், லைசன்ஸ் போச்சுன்னா எங்களுக்கு வேற வழியே இல்ல."

யோசிக்கிறேன் என்றேன். உண்மையாகவே யோசித்தேன், நான்கு நாட்கள். எத்தனையோ கோப்புகளை மூடிய கை இது. எல்லாரும் 'இல்லை' என்றால், பிறகு எழுதியது யார் என்று தேடுவார்கள். அந்த முகவரியைத் தோண்டுவார்கள். ஒரே ஒரு 'ஆம்' வந்துவிட்டால் கோப்பு மூடிவிடும். யாரும் எதையும் தேட மாட்டார்கள்.

ஐந்தாம் நாள் எழுதினேன். ஆம், சனிக்கிழமை, காரில், இன்ன வார்த்தைகள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் அழுததை மட்டும் விட்டுவிட்டேன்.

வேலை போயிற்று. சில மாதங்களில் லைசன்ஸும் போயிற்று. அந்தக் குடும்பம் அமெரிக்காவைக் காலி செய்துகொண்டு ஊருக்குக் கிளம்புவதாகக் கவிதா சொன்னாள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இருக்கும்போது என் கைப்பேசி அடித்தது.

"அங்கிள், ஷாஹிதா. லெட்டரக் காட்டினாங்க. மொதல்ல கோவமாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், எங்க வாப்பாவும் இப்படித்தான். சொந்தப் பிள்ளைக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டாங்க. நீங்க உள்ளதத்தான எழுதினீங்க. மனசுல வச்சிக்கிடாதீங்க, என்ன? ஊருக்குப் போறோம். பாளையங்கோட்டைப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க."

அவள் காத்திருந்தாள். பின்னால் ஒரு பிள்ளை எதையோ கேட்டு அடம் பிடித்தது. சூட்கேஸின் ஜிப் இழுபடும் ஓசை கேட்டது.

துண்டித்தேன்.

"யாரு மாமா?" என்றாள் கவிதா, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

"ராங் நம்பர்ம்மா," என்றேன்.

இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.