உள்ளங்கையளவு குரங்கு

"...தள்ளி வுடுதுன்னா அதால முடியலன்னு அர்த்தம்க்கா. வாணாம்னு இல்ல. அது மூஞ்சியப் பாருங்க, வாணாம்னு சொல்ற மூஞ்சியா இது?"

இதை என்னிடம் சொன்னவள் எங்கள் பக்கத்து வீட்டு மருமகள். ஒரு மரப்பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் என் உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய ஒரு குரங்கு, மூலையில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு எங்களையே பார்த்தது. கீழே வைக்கோலில் அது முந்தின நாள் ஈன்ற இரண்டு குட்டிகள் கிடந்தன. ஒவ்வொன்றும் என் சுண்டு விரல் முனையைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒன்று செத்துப்போயிருந்தது. எறும்பு வந்துவிட்டது. இன்னொன்று கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். கம்பெனி என்ற பேச்சே அப்போது கிடையாது; மழை பெய்தால் ஏரி, ஏரி நிறைந்தால் நெல், இல்லையென்றால் பட்டினி. நான் தையல் மிஷின் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் எனக்குச் சீக்கிரமே முடிந்துவிட்டது. ஆனாலும் கையில் கிடைத்ததைப் படிக்காமல் விடமாட்டேன், புளி கட்டி வந்த காகிதம் உட்பட. அதைவிட ஆசை, ஜனங்கள் பேசுவதைக் கேட்பது. அந்த விஷயத்தில் பக்கத்து வீட்டுக் கிழவிக்கு, அதாவது இவளுடைய மாமியாருக்கு, ஈடு கிடையாது. வேதக்கார வீடு. வாயைத் திறந்தால் முதலில் மாதா பெயர் வரும், அடுத்தது வசவு வரும்.

குரங்கைக் கொண்டுவந்தது மகன்தான். கப்பலில் சமையல்கட்டு வேலை. தென் அமெரிக்காவில் ஏதோ ஆற்றுத் துறைமுகத்தில் ஒரு பையன் விற்றானாம். சட்டைப் பையிலிருந்து எடுத்து அம்மா மடியில் விட்டான். கிழவி துள்ளி எழுந்துவிட்டாள்.

"அய்ய! இன்னாடா இது, எலியா, பூனையா? மூஞ்சி மட்டும் உங்கப்பன் மாதிரி கீது!"

"குரங்குக் குட்டிம்மா. ஆணு ஒண்ணு, பொட்ட ஒண்ணு வாங்கினேன். ஆணு கப்பல்லயே செத்துப்போச்சு, கடல்ல போட்டுட்டேன். இது பொட்ட. வளர்ந்துச்சுன்னா இம்மாம் பெருசு ஆவும்" என்று இடுப்பு உயரம் காட்டினான்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வல்லக்கோட்டைக் கோயிலில் நாங்கள் பார்த்த குரங்குகள் தேங்காய் மூடியைக் கையிலிருந்து பிடுங்குகிற தடியன்கள். இத்தனூண்டு குரங்கு என்றால் குட்டியாக இல்லாமல் வேறென்ன? உலகத்திலேயே சின்ன குரங்கு ஜாதி ஒன்று உண்டு, முழுசாக வளர்ந்தும் அது கைக்குள் அடங்கும் என்று எங்களுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? கொண்டுவந்தவனுக்கே தெரியவில்லை.

சில வாரம் இருந்துவிட்டு அவன் கப்பலுக்குத் திரும்பினான். போகும்போது பெண்டாட்டியிடம் சொன்னதை நானும் கேட்டேன்: "நான் அடுத்த தபா வர வரைக்கும் இத சாவ வுட்டுறாத. வந்து பார்ப்பேன்." கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள். அவளுக்கு அந்தப் பேச்சு போதுமானதாக இருந்தது. குரங்கு உயிரோடு இருக்கிறவரை அவன் திரும்பிவருவான் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

குட்டி என்று நினைத்ததால் குட்டிக்குச் செய்வதையெல்லாம் செய்தாள். பஞ்சுத் திரியைப் பசும்பாலில் நனைத்து உறிஞ்சக் கொடுத்தாள். அது பாதி குடிக்கும், பாதி துப்பும். வாழைப்பழத்தை நக்கிவிட்டுப் போட்டுவிடும். அவிழ்த்துவிட்டால் நேரே கொல்லையிலிருக்கிற முருங்கை மரத்துக்கு ஓடும். பட்டையைப் பல்லால் குடைந்து துளை போடும்; மறுநாள் அதே துளைக்குப் போய், கசிந்திருக்கிற பிசினை நக்கும். அது பிறந்த காட்டில்கூட அதற்கு மரப்பிசின்தான் பிரதானச் சாப்பாடு என்று பிற்பாடு படித்தேன். கிழவி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கத்துவாள்: "மரத்த பொத்தல் போட்டு வெச்சிருக்குது பாரு, கரையான் மாதிரி!"

சில நேரம் அது வாயை அகலமாகத் திறக்கும். சத்தம் வராது. "கொட்டாவி வுடுது. நாள் பூரா தூங்கிக்கினு இன்னா கொட்டாவி?" என்பாள் கிழவி. மனுஷக் காதுக்கு எட்டாத கீச்சுக் குரல்கூட அந்த ஜாதிக்கு உண்டாம். கூட்டமாக வாழ்கிற பிராணி. ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்குமாம். அதையும் பிற்பாடுதான் படித்தேன். ஊரில் ஒருவர் காதிலும் விழாமல் அது யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நேரத்தில், குன்றத்தூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு கப்பல்காரர் வந்து வாசலில் நின்றார். அவள் புருஷன் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கிப் போனவன் கப்பலுக்குத் திரும்பவில்லை, கப்பல் அவனை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டது என்றார். செத்தானா, ஓடினானா, அவருக்கும் தெரியவில்லை. கிழவி மார்பில் அடித்துக்கொண்டாள். மருமகள் உள்ளே போய்ப் பஞ்சுத் திரியை நனைக்க ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம்தான் குரங்குக்கு வயிறு உப்பியது.

"மாந்தம்" என்றாள் கிழவி. பால் குடிக்கிற குழந்தைக்கு வயிறு ஊதினால் எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வது அதைத்தான். வசம்பைச் சுட்டு, உரைத்து, நாக்கில் தடவினாள். ஒரு வசம்புத் துண்டைக் கறுப்புக் கயிற்றில் கோத்து அதன் அரையில் கட்டினாள். விளக்கெண்ணெயை விரலில் தொட்டு வாய்க்குள் விட்டாள். நான் வல்லக்கோட்டையிலிருந்து விபூதி கொண்டுபோனேன். வேதக்கார வீடாயிற்றே என்று தயங்கி நின்றேன். "பூசுடி. யாரு சாமியா இருந்தா இன்னா, அதுக்குத் தெரியவா போவுது?" என்றாள் கிழவி. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, வாந்தியை அடக்கிக்கொண்டு, "அது செத்துடாதே அத்தே? செத்துடாதே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் பெட்டிக்குள் மூன்று உயிர்.

கிழவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி! குட்டிக்கே குட்டியா!" ஊரே வந்து பார்த்தது, சிரித்தது. மருமகள் முகத்திலும் பல நாள் கழித்து ஒரு சிரிப்பு. அது சாயங்காலம்வரைதான் நின்றது. முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டையும் அந்தத் தாய்க் குரங்கு பெட்டிச் சட்டத்தில் தேய்த்துத் தேய்த்துக் கீழே தள்ளியது. எடுத்து ஒட்டவைத்தாள். பால் கொடுத்தது, திரும்பத் தள்ளியது. மறுபடி வைத்தாள். மறுபடி தள்ளியது. விடிந்து பார்த்தால் ஒன்று போய்விட்டது.

"பெத்ததையே தள்ளி வுடுது, பேயி!" கிழவி வாசலிலிருந்தே கத்தினாள். "வூட்டுல ஒருத்தன் போனது போதாதா? எடுத்துக்கினு போய் ஏரிக்கரையில வுட்டுட்டு வா. இது கால் வெச்ச நேரம்தான் எம்புள்ள..." மருமகளைப் பார்த்தபடிதான் சொன்னாள். குரங்கைச் சொல்கிறாளா, இவளைச் சொல்கிறாளா என்று எனக்கே புரியவில்லை. அதற்குத்தான் மருமகள் கிழவியை விட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, அது முடியாமல்தான் தள்ளுகிறது என்று சொன்னாள்.

பல வருஷம் கழித்து, ஸ்ரீபெரும்புதூர் நூலகத்தில் பிள்ளைகளுக்கான பிராணிப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்த முகத்தைப் பார்த்தேன். அந்தக் குரங்கு பெரும்பாலும் இரட்டையாகத்தான் ஈனுமாம். தாயின் உடம்புக்குக் குட்டிகள் பாரம் அதிகம். அதனால் பிறந்த கையோடு தகப்பன் அவற்றை வாங்கி முதுகில் ஏற்றிக்கொள்ளும். பால் நேரத்துக்கு மட்டும் தாயிடம் தரும். கூட்டத்தில் மூத்த பிள்ளைகளும் மாற்றி மாற்றித் தூக்கும். தாய் தள்ளுவது எறிவதற்கு அல்ல, வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்ற பழக்கத்தில். எங்கள் பெட்டியில் வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. வாங்கிக்கொள்ள வேண்டியதைக் கடலில் போட்டாகிவிட்டது.

இதை மருமகளிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிச்சமிருந்த குட்டியும் தங்கவில்லை; தாயும் ஐப்பசி அடைமழையில் குளிரில் விறைத்துப்போனது. முருங்கையடியில் புதைத்தார்கள். கப்பலுக்குப் போனவன் வரவேயில்லை. அவளுக்குப் பெண் பிறந்தது. பேய், பீடை என்று திட்டிய அதே கிழவிதான் அந்தக் குழந்தையை இடுப்பைவிட்டு இறக்காமல் ஊரெல்லாம் சுமந்து திரிந்தாள்.

ஆனால் அந்தக் காலையில் இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. வாசலில் கிழவி கத்திக்கொண்டிருந்தாள். மருமகள் என்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, செத்ததை ஒரு துணிக்கிழிசலில் சுற்றி ஓரமாக வைத்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்தாள். உயிரோடிருந்த குட்டியை இரண்டு விரலால் எடுத்துத் தன் பிடரியில் வைத்து, அதன் கைகள் மயிரைப் பற்றிக்கொள்ளும்வரை அசையாமல் இருந்தாள். அப்புறம் கூந்தலை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் எழுந்துபோய், உலை வைக்க அரிசி களைய ஆரம்பித்தாள்.