பதினொரு கண்ணாடி வைத்த ஸ்கூட்டர்

நடந்தது இவ்வளவுதான்:

1. மாமா பழைய பேப்பர் கடையில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை வாங்கினார்.
2. தன் ஸ்கூட்டருக்குப் பதினொரு கண்ணாடி மாட்டினார்.
3. அதிலேயே அவிநாசிக்குப் பெண் பார்க்கப் போனார்.
4. பெண் அமையவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை. பத்திரிகையில் இருந்தது அறுபதுகளின் லண்டன் பையன்கள் படம். ஒட்டித் தைத்த கோட்டு, மெல்லிய டை, ஒவ்வொருவன் ஸ்கூட்டரிலும் கொத்துக் கொத்தாகக் கண்ணாடி. கோட்டில் கறை படாமலிருக்க மேலே ஒரு பச்சை அங்கி. அங்கிக்குப் பதில் மாமா மழைக்கோட்டு போட்டுக்கொண்டார். அது சித்திரை மாதம்.

அம்மா பஸ்ஸில் வந்தாள். எனக்கு எட்டு வயது. ஸ்கூட்டரில் மாமாவுக்கு முன்னால் நின்றுகொண்டு போனேன். ஒரு கண்ணாடியில் பின்னால் வரும் லாரி தெரிந்தது. மற்ற பத்திலும் மாமா தெரிந்தார்.

பெண்ணின் அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, கண்ணாடி யாவாரமுங்களா?"

"இல்லீங்க. இங்கிலாந்துல பசங்க இப்படித்தானுங்க ஓட்டுவாங்க."

"அங்க இதுக்கெல்லாம் பொண்ணு குடுக்கறாங்களாக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாதான் அதிகம் சிரித்தார். காப்பி கொண்டுவந்த அக்காதான் பெண். அவரை மாமாவுக்குப் பிடித்துவிட்டது, மழைக்கோட்டைக் கழற்றிவிட்டார். பெண்ணின் அப்பாவுக்கும் மாமாவைப் பிடித்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் அதோடு முடியாது. சாமியிடம் பூக் கேட்க வேண்டும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பிள்ளையார் முன்னால் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம்.

"அம்மணி, பூப் பறிச்சுப் பொட்டலம் மடிச்சுக் குடு கண்ணு" என்றார் பெண்ணின் அப்பா. அந்த அக்கா கொல்லைக்குப் போய் நேரம் கழித்து வந்தார். இரண்டு பொட்டலங்களையும் என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் நான் ஒன்றை எடுத்தேன். பிரித்தார்கள். செவ்வரளி. அம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

"என்னங்க பண்றது, சாமிக்கு மேல நாம இருக்கறமுங்களா" என்றார் பெண்ணின் அப்பா. நிஜமாகவே வருத்தப்பட்டார். மாமா வண்டிப் பக்கம் போய், எந்தக் கண்ணாடியையும் பார்க்காமல் நின்றார்.

பெரியவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது மற்றப் பொட்டலத்தை நான் பிரித்துப் பார்த்தேன். அதிலும் செவ்வரளி. வெள்ளைப் பூ தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் வீட்டு வாசலில் நந்தியாவட்டைச் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. இருந்தும், எதை எடுத்திருந்தாலும் பதில் ஒன்றுதான் என்பதோ, அந்தப் பதில் யாருடையது என்பதோ எனக்கு அப்போது புரியவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மறு வருஷம் மாமாவுக்குச் சென்னிமலையில் பெண் அமைந்தது. இரண்டு பிள்ளைகள், இப்போது கார் வைத்திருக்கிறார். அவிநாசிப் பேச்சு வந்தால், சாமி வேண்டாம் என்றுவிட்டது என்பார். நான் மறுத்துச் சொன்னதில்லை.