டெலி என்றால் தூரம்

கஹவத்தையில் ஒரு டியூஷன் வகுப்பில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். சொற்களின் வேரைத் தோண்டுவது என் கிறுக்கு. 'டெலி' என்றால் கிரேக்கத்தில் தூரம். டெலிபோன் தூரத்துக் குரல், டெலிகிராம் தூரத்து எழுத்து, டெலஸ்கோப் தூரத்தைப் பார்ப்பது. யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். கேட்காதவர்களுக்குத்தான் அதிகம் சொல்வேன்.

என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம் முடியப் போகிறது. ரப்பர் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் போனுக்குச் சிக்னல் கிடையாது. ரப்பர் ஸ்டோருக்கு மேலே, ரோடு வளைகிற முடக்கில் ஓரிடத்தில்தான் கிடைக்கும். வெள்ளிக்கிழமை சாயந்தரம் தோட்டத்தில் பாதிப் பேர் அங்கே நிற்பார்கள். அடுத்தவர் பேச்சைக் கேட்பது மரியாதையில்லை என்று எல்லோரும் ரப்பர் மரங்களையே பார்ப்பார்கள். காது மட்டும் நம் பக்கம் இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை அவள் எடுத்ததுமே கேட்டாள்: "என்னங்க, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லி மேடம் கேக்குறாங்க. இன்னைக்கே பதில் சொல்லணும். இருக்கவா, வரவா?"

வா என்று சொல்லத்தான் துடித்தேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டியிடம் கெஞ்ச வெட்கம் பிடுங்கித் தின்றது.

"டெலிபதின்னு ஒன்னு இருக்கு, தெரியுமா? பாத்தோஸ்னா உணர்ச்சி. தூரத்துல இருந்தே ஒருத்தர் மனசுல உள்ளத..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"எனக்கு அதெல்லாம் வராதுங்க. வாயால சொல்லுங்க."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் அந்த வாயை வைத்துக்கொண்டு, சிம்பதியும் அதே வேரில் பிறந்ததுதான் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டுக் காம்பராக்காரிக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, போதும். நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிறோம். அக்காவ வரச் சொல்லுங்க."

உண்மையிலேயே எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள். ஒருவர் தன் போனையே கட் பண்ணிவிட்டார்.

"வந்துரு புள்ள," என்றேன். "நீ இல்லாம முடியல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதென்று பயந்துபோனேன். முதுகு காட்டி நின்றவர்கள் அத்தனை பேரும் ஓடி வந்து, என் போனுக்குள் கத்தினார்கள்: "கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு," என்றாள். அழுகிற குரல். "இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க."